மொன்டானா பானக் ஊர் மீட் ஹோட்டல்: பேயை விட்டுட்டு கட்டடத்தைப் பத்திப் பேசுவோமா?

கரிசல்காட்டான்:
பானக் பத்தி தமிழ்ல தேடினா பேய் வீடியோவாத்தான் கொட்டுது. மாடி ஜன்னல்ல நீல கவுன் போட்ட பொண்ணு நிக்குதாம், கேமரா பேட்டரி தானா இறங்குதாம். அந்தக் கட்டடத்தோட நெஜக் கதை இதை விட எவ்வளவோ சுவாரசியம், யாரும் சொல்ல மாட்றாங்க, அதான் இந்த த்ரெட்.

இடம் தெரியாதவங்களுக்கு: அமெரிக்காவுல மொன்டானா மாநிலத்தோட தென்மேற்கு மூலை, டில்லன்ங்கிற ஊர்லேர்ந்து சுமார் 25 மைல். கிராஸ்ஹாப்பர் கிரீக்னு ஒரு ஓடை, அதை ஒட்டி ஒரே ஒரு மெயின் ரோடு, ரெண்டு பக்கமும் பழைய மரக் கட்டடங்க, ஒரு வீட்லயும் ஆள் கிடையாது. 1862 ஜூலை 28ல ஜான் வைட் கோஷ்டி இந்த ஓடையில தங்கம் பார்த்தாங்க, அந்தக் குளிர் வர்றதுக்குள்ள சில நூறு பேர், அடுத்த வசந்தத்துல 3,000க்கு மேல. 1864 மே மாசம் மொன்டானா தனி டெரிட்டரி (மாநிலம் ஆகறதுக்கு முந்தின நிலை) ஆனதும் முதல் தலைநகரமே இதுதான், அந்த டிசம்பர்ல முதல் சட்டசபை கூடினதும் இங்கதான். ரெண்டு மாசம் தாங்கல, 1865 பிப்ரவரியில தலைநகரத்தை வர்ஜீனியா சிட்டிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க, ஏன்னா 1863லயே அந்த சிட்டி இருக்கிற ஆல்டர் கல்ச்ல இதை விடப் பெரிய தங்கம் கிடைச்சு பாதி ஊர் மூட்டை கட்டி அங்க ஓடிடுச்சு.

இந்தக் கூத்தெல்லாம் நடந்தப்ப மீட் ஹோட்டல் கிடையவே கிடையாது. இப்ப நிக்கிற ரெண்டு மாடி செங்கல் கட்டடம் 1875ல கட்டினது, அதுவும் ஹோட்டலா இல்ல, பீவர்ஹெட் கவுன்டியோட (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) கோர்ட் ஹவுஸா. செலவு சுமார் 14,000 டாலர். தங்கமெல்லாம் வடிஞ்சு பத்து வருஷம் கழிச்சு அந்த ஊர்ல இவ்வளவு பெரிய கோர்ட் எதுக்குக் கட்டினாங்கன்னு கேட்டா அங்கதான் கதையே ஆரம்பிக்குது.

சுண்டல்பாக்கெட்:
தல, பேய் இல்லாம மீட் ஹோட்டலா? உப்பு இல்லாத சாம்பார்.

ராத்திரிராஜா:
ஒரு முக்கியமான ஆளை விட்டுட்டீங்க ப்ரோ. ஷெரிஃப் ஹென்றி ப்ளம்மர். அவரை அடைச்சு வச்சிருந்தது இந்தக் கட்டடத்துலதான், மாடியிலேர்ந்து இழுத்துட்டுப் போயி தூக்குல போட்டாங்க, மாடில கேக்குற காலடிச் சத்தம் அவரோடதுன்னு ஒரு வீடியோவுல பார்த்தேன். பகல்ல ஷெரிஃப், ராத்திரில வழிப்பறி கேங் தலைவன். செம கேரக்டர்.

கரிசல்காட்டான்:
@ராத்திரிராஜா தேதியைப் பாருங்க. ப்ளம்மரைத் தூக்குல போட்டது 1864 ஜனவரி 10, கட்டடம் எழும்பினது 1875. பதினொரு வருஷம் இடிக்குது. மாடியே இல்லாத இடத்துல எந்த மாடியிலேர்ந்து இழுப்பாங்க?

குழப்பம் எங்க வருதுன்னா ஹோட்டலுக்குப் பக்கத்துலயே ஸ்கின்னர் சலூன், அதாவது சாராயக் கடை, நிக்குது. அதை நடத்தின சைரஸ் ஸ்கின்னரையும் அதே மாசம் மிசூலா பக்கம் தூக்குல போட்டுட்டாங்க. வீடியோக்காரங்க ஒரு தெருவுல இருக்கிற எல்லாத்தையும் ஒரே கட்டடத்துல திணிச்சிடுறாங்க.

ராத்திரிராஜா:
சரி கட்டடம் வேற, ஒத்துக்கறேன். ஆனா ஆள் வில்லன்தானே? ரெண்டு டெபுடியையும் சேர்த்து ஒரே ராத்திரில மாட்டிவிட்டாங்க, ஒண்ணும் இல்லாமயா மாட்டுவாங்க?

மிசூலா_மணி:
நான் மொன்டானாவுலதான் இருக்கேன், இந்தச் சண்டை இங்க இன்னும் ஓயல. 1863 மே மாசம் ஓட்டுப் போட்டுத்தான் ஷெரிஃப் ஆனாரு, எட்டு மாசத்துல விசாரணை, ஜட்ஜு, வக்கீல் ஒண்ணும் இல்லாம தூக்கு. மாட்டினவங்க விஜிலான்டிஸ்னு ஒரு ரகசிய கோஷ்டி, சில வாரத்துக்குள்ள இருபதுக்கும் மேல ஆளுங்களை முடிச்சாங்க. அப்புறம் வரலாறு எழுதினதும் அவங்க பக்கத்து ஆளுங்கதான், அதனால நூறு வருஷம் அவர் திருடன்னே போயிடுச்சு. 1993ல வர்ஜீனியா சிட்டியில செத்தவருக்கு ஒரு மாதிரி விசாரணை நடத்தினாங்க, ஜூரி 6க்கு 6னு பிரிஞ்சு நின்னுச்சு, தீர்ப்பே இல்ல. உயிரோட இருந்திருந்தா வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க.

அவரைத் தூக்குல போட்ட மரத்தூணு, அவரே ஷெரிஃபா இருந்தப்ப இன்னொருத்தனுக்காக நட வச்சதுன்னு சொல்லுவாங்க. ஊருக்குப் பின்னாடி பள்ளத்துல இப்பவும் ஒண்ணு நிக்குது, ஆனா அது பின்னாடி நட்டு வச்சது.

கணக்குப்புலி:
@கரிசல்காட்டான் கோர்ட்டு மேட்டருக்கு வாங்க. 1875ல 14,000 டாலர்னா சாதாரண காசு இல்ல. ஊர்ல அப்ப எத்தனை பேர் இருந்தாங்க, யாரு வரி கட்டினது? கான்ட்ராக்ட் எடுத்தவன் நல்லா சாப்பிட்டிருப்பான்னு தோணுது.

கரிசல்காட்டான்:
ஊழல் கோணம் எனக்கும் தோணுச்சு, ஆதாரம் எதுவும் கண்ல படல, அதனால அதுல இறங்கல. என் பார்வை வேற. தலைநகரம் போயிடுச்சு, தங்கம் போயிடுச்சு, பானக் கையில மிச்சம் இருந்த ஒரே கௌரவம் கவுன்டி ஹெட்குவார்ட்டர்ஸ். கோர்ட் இருந்தா வக்கீல் வருவான், சாட்சி வருவான், நிலப் பத்திரம் பதிய வர்றவன் வருவான், வர்றவன் ஒரு ராத்திரி தங்குவான், சாப்பிடுவான். மரத்துல கட்டினா நாளைக்கே பிரிச்சு வேற ஊருக்கு வண்டியில ஏத்திடலாம், அந்த ஊர்கள்ல அப்படி நிறைய நடந்திருக்கு. செங்கல்ல கட்டினா கவுன்டி இங்கயே நிக்கும்னு ஒரு நம்பிக்கை. இது என்னோட ஊகம்தான், ஆனா மத்த எல்லாமே கட்டையும் பலகையுமா இருக்கிற ஊர்ல இது ஒண்ணு மட்டும் இவ்வளவு பெருசா செங்கல்ல நிக்கிறதைப் பார்த்தா வேற காரணம் தோண மாட்டேங்குது.

முந்தின வருஷம், 1874ல, ஃப்ரீமேசன்ங்கிற சங்கத்து ஆளுங்களும் ஒரு ரெண்டு மாடிக் கட்டடம் கட்டினாங்க, கீழ ஸ்கூல், மேல அவங்க சங்கக் கூடம். அதுவும் இன்னும் இருக்கு. அந்த ஸ்கூல் 1950கள் ஆரம்பம் வரைக்கும் ஓடுச்சு. அதனால 1870கள்ல ஊர் செத்துப் போச்சுன்னு அங்க இருந்தவங்க நினைக்கல. இனிமேதான் நிலைக்கப் போறோம்னு நினைச்சாங்க.

ரயில்பூச்சி:
வந்துட்டேன். இதுக்குப் பதில் என் டிபார்ட்மென்ட்.

பானக்கைக் கொன்னது ரயில். யூட்டா அண்ட் நார்தர்ன்னு ஒரு நேரோ கேஜ் லைன், மூணு அடி அகலம், யூட்டா பக்கத்துலேர்ந்து ஐடஹோ வழியா வடக்க வந்துட்டே இருந்துச்சு, குறி பியூட் சுரங்கங்க மேல. ரயில் எங்க போய் நிக்குதோ அங்க ஒரு டென்ட் ஊர் முளைக்கும், லைன் நகர்ந்தா கடைக்காரனும் கடையைப் பிரிச்சு கூடவே நகருவான். 1880ல பீவர்ஹெட் பள்ளத்தாக்குக்கு வந்தப்ப ஒரு ரேஞ்ச்காரர் என் நிலத்துல விடமாட்டேன்னு நின்னுட்டாரு. கூட வந்த வியாபாரிங்க சேர்ந்து அவரோட நிலத்தையே விலைக்கு வாங்கி, மனை போட்டு வித்து, அதுதான் டில்லன். பேரு யூனியன் பசிஃபிக் ரயில் கம்பெனி பிரசிடென்ட் சிட்னி டில்லனோட பேரு. குளிர் காலம் வந்து லைன் அங்கயே நின்னதால டென்ட் ஊர் நெஜ ஊராயிடுச்சு.

அடுத்த வருஷம் 1881, கவுன்டி ஹெட்குவார்ட்டர்ஸ் டில்லனுக்குப் போயிடுச்சு. ரயில் ஸ்டேஷன் இருக்கிற ஊரை விட்டுட்டு 25 மைல் குதிரை வண்டியில மலைப் பக்கம் போயி கேஸ் நடத்த எவன் போவான்? பானக் வழியா லைன் போடுற யோசனைக்கே வாய்ப்பில்ல, அது ஒரு பக்கமா ஒதுங்கின பள்ளம், பியூட்டுக்குப் போற வழியில வராது.

கணக்குப்புலி:
அப்போ 1875 டு 1881, ஆறே வருஷம் கோர்ட்டா இருந்திருக்கு. என்னய்யா இது.

கரிசல்காட்டான்:
ஆமா. அதுக்கப்புறம் ஒம்போது, பத்து வருஷம் பூட்டியே கிடந்துச்சு. 1890 வாக்குல டாக்டர் ஜான் சிங்கிள்டன் மீட்னு ஒருத்தர் வாங்குறாரு. எவ்வளவுக்குத் தெரியுமா, 1,250 டாலர்.

கணக்குப்புலி:
ரூபாய்க்கு ஒம்போது பைசா! டாக்டர் நல்லா பேரம் பேசியிருக்காரு.

கரிசல்காட்டான்:
பேரம் பேச எதிர்ல வேற வாங்குற ஆளே இருந்திருக்க மாட்டான் 😄

கோர்ட் ரூமெல்லாம் தடுத்து ரூம் போட்டு, முன்னாடி தூண் வச்ச போர்ட்டிகோ சேர்த்து ஹோட்டலாக்கினாரு. டைனிங் ஹால்ல வெள்ளைத் துணி விரிச்ச மேஜை, நல்ல பீங்கான், வெள்ளி ஸ்பூன்னு அந்த வட்டாரத்துலயே கொஞ்சம் ஒசத்தியான இடமா இருந்திருக்கு. உள்ள நுழைஞ்சதும் வளைஞ்சு மேல ஏறுற ஒரு மரப் படிக்கட்டு இருக்கும், பானக் போனவங்க எல்லாரும் போட்டோ எடுக்குறது அதைத்தான். படிக்கட்டு இன்னும் ஸ்ட்ராங்கா இருக்கு, ஏறலாம்.

நான் சொல்ல வந்தது இதுதான்: ஹோட்டல் மூடினதால ஊர் செத்ததும் இல்ல, ஊர் செத்ததால ஹோட்டல் மூடினதும் இல்ல. ஊர் பாதி செத்ததுக்கு அப்புறம்தான் ஹோட்டலே பிறந்துச்சு. 1863ல தங்க வெறி உச்சத்துல இருந்த ஹோட்டல் வேற, குட்ரிச் ஹோட்டல்னு பேரு, ப்ளம்மர் ஜாக் க்ளீவ்லேண்ட்னு ஒருத்தனைச் சுட்டது அங்க இருந்த பார்ல. மரக் கட்டடம், இன்னைக்குப் பானக் போனா அதைப் பார்க்க முடியாது. மீட் நிக்கிறதுக்குக் காரணம் அதை ஹோட்டலா கட்டாம கோர்ட்டா கட்டினதுதான். ஹோட்டலுக்குன்னு கட்டியிருந்தா எவனும் அந்தச் செங்கல் சுவர் வச்சிருக்க மாட்டான்.

தேன்மொழி_கே:
நல்லா போகுது. ஆனா ஒரு கேள்வி, யாருமே வராத ஊர்ல வெள்ளைத் துணி மேஜை போட்டு யாருக்கு சோறு போட்டாரு டாக்டர்?

மிசூலா_மணி:
@தேன்மொழி_கே ட்ரெட்ஜ்காரங்களுக்கு. 1860கள்ல ஆளுங்க தட்டு, மரப்பெட்டி வச்சு மணலைக் கழுவி மேலாப்புல இருந்த தங்கத்தை எடுத்தாங்க. அடியில பாறை மேல படிஞ்சதை அப்படி எடுக்க முடியல. 1895ல ஃபீல்டிங் எல். கிரேவ்ஸ்னு ஒரு ட்ரெட்ஜைத் தண்ணியில இறக்கினாங்க, அமெரிக்காவுலயே கரன்ட்டுல ஓடின முதல் தங்க ட்ரெட்ஜ்.

வீடு சைஸ்ல ஒரு மிதவை. முன்னாடி சங்கிலியில கோத்த இரும்பு வாளிங்க வரிசையா கீழ போயி மண்ணையும் கல்லையும் அள்ளிட்டு வரும், உள்ள சலிச்சு தங்கத்தைப் பிடிச்சுட்டு மிச்சக் கல்லைப் பின்னாடி கொட்டும். முன்னாடி தோண்டத் தோண்டக் குளம் முன்னாடி நகரும், பின்னாடி கல் குவியல் நிக்கும், குளத்தோட மிதவையும் நகரும். அடுத்த சில வருஷத்துல இன்னும் நாலு ட்ரெட்ஜ் வந்துச்சு. மெஷின் ஓட்ட எஞ்சினியர், கம்பெனி ஆளு, பணம் போட்டவன்னு வர ஆரம்பிச்சாங்க, அவங்கதான் டாக்டரோட கஸ்டமர். ஓடையோரத்துல அந்தக் கல் மேடுங்களை இன்னைக்கும் பார்க்கலாம், கிரீக் எந்தப் பக்கம் ஓடிச்சுன்னே சொல்ல முடியாத அளவுக்குக் கிளறி வச்சிருக்காங்க.

சுண்டல்பாக்கெட்:
எல்லாம் சரி, நீல கவுன் யாரு? யாராவது சொல்லுங்கப்பா, இல்லாட்டி தூக்கம் வராது.

மிசூலா_மணி:
அதுவும் ட்ரெட்ஜ் கதைதான், அதனால சொல்றேன். 1916ல ஒரு 16 வயசுப் பொண்ணு ட்ரெட்ஜ் தோண்டின குளத்துல மூழ்கிட்டா. கூடத் தண்ணியில இறங்கினவங்க தப்பிச்சுட்டாங்க. கிரீக் முழங்கால் தண்ணிதான், அதுல நடந்து பழகினவங்களுக்கு ட்ரெட்ஜ் குளம் புரியாது, ஒரு அடி எடுத்து வச்சா திடீர்னு ஆழம். அவளோட சிநேகிதி பிற்பாடு ஹோட்டல் மாடில அவளைப் பார்த்தேன்னு சொன்னதா ஒரு கதை, அங்கேர்ந்து இன்னைக்கு வரைக்கும் வளர்ந்துட்டே இருக்கு. குழந்தை அழுற சத்தம்னு இன்னொரு கதை இருக்கு, அதுக்குக் காரணம் சொல்லுவாங்க, அந்தக் கட்டடம் அப்பப்ப ஆஸ்பத்திரியாவும் பயன்பட்டிருக்கு.

எனக்கு எரிச்சல் என்னன்னா பேயைப் பத்திப் பேசுறவன் ஒருத்தன் கூட அந்தக் குளத்தை யார் தோண்டி வேலி இல்லாம விட்டாங்கன்னு கேக்க மாட்றான்.

தேன்மொழி_கே:
கோர்ட்டா இருந்த ஆறு வருஷத்துல ஏதும் பெருசா நடக்கலையா? 1877ல நெஸ் பெர்ஸ் பழங்குடி மக்களுக்கும் ராணுவத்துக்கும் நடந்த போர் அந்தப் பக்கம்தானே?

கரிசல்காட்டான்:
சரியான இடத்துல கைய வச்சீங்க, அந்தக் கட்டடத்தோட பெரிய நாள் அதுதான்னு சொல்லுவேன். 1877 ஆகஸ்ட் 9, 10ல பிக் ஹோல்ல சண்டை. அங்கேர்ந்து நெஸ் பெர்ஸ் மக்கள் தெற்க இறங்கி ஹார்ஸ் பிரெய்ரி வழியா வர்றாங்க, அது பானக்குக்குக் கிட்ட. அங்க சில ரேஞ்ச்காரங்க கொல்லப்பட்டாங்க. சேதி வந்ததும் சுத்துப்பட்டு ஆளுங்கெல்லாம் பொண்டாட்டி புள்ளைங்களோட பானக்குக்கு ஓடி வந்து கோர்ட் ஹவுஸ்ல அடைஞ்சுட்டாங்க, ஊர்லயே உறுதியான சுவர் அது ஒண்ணுதான். மலை மேல காவலுக்கு ஆள் போட்டாங்க. கடைசில யாரும் ஊரைத் தாக்கல, நெஸ் பெர்ஸ் ஐடஹோ பக்கம் திரும்பிப் போயிட்டாங்க.

தேன்மொழி_கே:
இதைச் சொல்றப்ப பிக் ஹோல்ல என்ன நடந்துச்சுன்னும் சொல்லணும் இல்லையா. விடியறதுக்கு முன்னாடி தூங்கிட்டிருந்த முகாம் மேல ராணுவம் சுட்டுது, செத்தவங்கள்ல நிறையப் பேர் பொம்பளைங்களும் குழந்தைங்களும். அதைத் தாண்டி வந்தவங்கதான் ஹார்ஸ் பிரெய்ரிக்கு வந்தாங்க. "இண்டியன்ஸ் வர்றாங்கன்னு பயந்து ஒளிஞ்சாங்க"ன்னு மட்டும் போட்டா பாதிக் கதை. அந்த ஊரோட பேரே பானக்ங்கிற பழங்குடி மக்களோட பேருதான்.

கரிசல்காட்டான்:
ஒத்துக்கறேன், சொல்ல வேண்டியதுதான்.

ஒரு சின்னத் துணுக்கு: அந்த பயத்துல ஊரு கூடியிருந்தப்ப பிரதர் வேன்னு எல்லாரும் கூப்பிட்ட மெத்தடிஸ்ட் பாதிரியார் வில்லியம் வான் ஆர்ஸ்டெல் எல்லாரையும் தட்டிக்குடுத்து சர்ச் கட்ட வச்சிட்டாரு. சலூன் பெருத்த அந்த ஊர்ல சர்ச்சுன்னு கட்டின முதல் கட்டடம் அதுதான், 1877. இன்னைக்கும் நிக்குது. தங்கம் வந்து பதினஞ்சு வருஷம் கழிச்சு!

ராத்திரிராஜா:
கோல்ட்ஃபீல்ட் ஹோட்டலோட ஒப்பிட்டா இது சின்னது இல்லையா? நெவாடாவுல அது நாலு மாடி, 1908ல திறந்தது, பெரிய கெத்து.

ரயில்பூச்சி:
கெத்து சரி, உள்ள விட மாட்டாங்களே. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சதுலேர்ந்து அது ஹோட்டலா ஓடவே இல்ல, கை மாறி கை மாறி பூட்டியே கிடக்கு. கலிஃபோர்னியா செர்ரோ கோர்டோவுல அமெரிக்கன் ஹோட்டல்னு 1871ல கட்டினது ஒண்ணு இருந்துச்சு, மரக் கட்டடம், 2020 ஜூன்ல ஒரே ராத்திரில எரிஞ்சு சாம்பல். கரிசல் சொன்ன செங்கல் பாயின்ட் அங்க வந்து பொருந்துது பாருங்க. அதே கலிஃபோர்னியாவுல போடின்னு (Bodie) இன்னொரு ஆளில்லாத ஊர், அங்கயும் பெரும்பாலும் ஜன்னல் வழியா எட்டிப் பார்க்கணும், உள்ள போக முடியாது. பானக்ல கதவைத் தள்ளிட்டு நேரா உள்ள போகலாம்.

மிசூலா_மணி:
ஆமா, அதான் பானக்கோட அழகு. ஹோட்டல் 1940கள் வரைக்கும் திறந்து மூடி, திறந்து மூடி ஓடியிருக்கு. 1942ல யுத்தத்துக்குத் தேவையில்லாத தங்கச் சுரங்கத்தையெல்லாம் நிறுத்தச் சொல்லி வாஷிங்டன் ஆர்டர் போட்டதும் இருந்த கொஞ்ச நஞ்ச வேலையும் போச்சு. 1954ல மாநில அரசு எடுத்து ஸ்டேட் பார்க் ஆக்குச்சு, 1961ல நேஷனல் ஹிஸ்டாரிக் லேண்ட்மார்க். புதுசு பண்ண மாட்டாங்க, பெயின்ட் அடிக்க மாட்டாங்க, விழாம மட்டும் பார்த்துப்பாங்க. சுவத்துல பல அடுக்கு வால்பேப்பர் உரிஞ்சு தொங்கும், அதை அப்படியே விட்டிருக்காங்க.

2013 ஜூலை 17ல மலையிலேர்ந்து திடீர் வெள்ளம் வந்து தெருவே சேறாயிடுச்சு. அஸே ஆஃபீஸ், அதாவது தங்கத்தைச் சோதிச்சு மாத்து சொல்ற கடை, அடிச்சுட்டுப் போயிடுச்சு. பல கட்டடத்துக்கு அடி. ஹோட்டல் தப்பிச்சுது.

கணக்குப்புலி:
அப்ப மொத்தத்துல அந்த 14,000 டாலர் வீண் செலவு இல்லைங்கறீங்க.

கரிசல்காட்டான்:
வரி கட்டின ஆளுக்கு வீண் செலவுதான், அதுல சந்தேகமே இல்ல. ஆறு வருஷத்துல கை விட்டுப் போச்சு. லாபம் பார்த்தது டாக்டரும் இப்ப போயி படிக்கட்டுல போட்டோ எடுக்குற நாமளும்தான்.

தேன்மொழி_கே:
யெல்லோஸ்டோன் போறப்ப சேர்த்துப் பார்க்கலாமா? ஹோட்டல்ல தங்க முடியாதுன்னு தெரியும், பக்கத்துல எங்க தங்கறது?

மிசூலா_மணி:
தாராளமா. ஐ-15 ஹைவேல டில்லனுக்குக் கொஞ்சம் தெற்க எக்சிட் 59, அங்கேர்ந்து 278ம் நம்பர் ரோடு, அப்புறம் போர்டு பார்த்துத் தெற்க திரும்பணும். டில்லன்ல ரூம் போடுறது ஈஸி, பெட்ரோலும் சாப்பாடும் அங்கயே முடிச்சிடுங்க, பானக்ல ஒண்ணும் கிடைக்காது. டென்ட் இருந்தா பார்க்லயே ரெண்டு கேம்ப்கிரவுண்ட், ஒண்ணுக்கு விஜிலான்டின்னு பேரு, இன்னொண்ணுக்கு ரோட் ஏஜென்ட், அதாவது வழிப்பறிக்காரன். எந்தக் கட்சின்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க 😄 ஜூலை மூணாவது வீக்எண்ட் பானக் டேஸ்னு திருவிழா, கூட்டம் அள்ளும், கூட்டம் பிடிக்காதுன்னா அந்த வாரம் போகாதீங்க.

ராத்திரிராஜா:
நான் ரோட் ஏஜென்ட் 🙋

சுண்டல்பாக்கெட்:
குளிர் காலத்துல போலாமா? கூட்டமே இருக்காதுல்ல, ராத்திரி மாடில ஒரு மணி நேரம் உக்காந்து பார்க்கணும்.

மிசூலா_மணி:
@சுண்டல்பாக்கெட் பார்க் வருஷம் பூரா திறந்திருக்கும், ஆனா ராத்திரி கட்டடத்துக்குள்ள விட மாட்டாங்க, கிட்டத்தட்ட 5,800 அடி உயரம் வேற, ஜனவரில எலும்பு உறையும். பகல்ல வாங்க, பழைய ட்ரெட்ஜ் குளம் உறைஞ்சதும் அது மேல ஐஸ் ஸ்கேட்டிங் விடுவாங்க, ஸ்கேட்டும் அங்கயே கிடைக்கும். வர்றதுக்கு முன்னாடி பார்க்குக்குப் போன் போட்டு ஐஸ் செட் ஆயிடுச்சான்னு கேட்டுக்கோங்க.